சேற்றில் இருக்கும் காடு

நீலகிரிப் புல்வெளிகளின் பள்ளங்களில் கருத்த சதுப்பு மண் உண்டு. கையில் எடுத்தால் ஈரப் பஞ்சுபோல அமுங்கும். அதனுள் அடுக்கடுக்காக மகரந்தம் கிடக்கிறது. தூளின் உயிர்ச்சத்து அழிந்துவிடும். புறவோடு மட்டும், காற்றுப் புகாத ஈரத்தில், பல்லாயிரம் ஆண்டுகள் நிற்கும். நுண்ணோக்கியில் புல்லின் தூள் ஒற்றைத் துளையுள்ள உருண்டை. மலையில் நட்டுவைத்த பைனின் தூளுக்கோ இரண்டு காற்றுப் பைகள். என்ன அழகான வேலைப்பாடு!

அந்தப் பைகளால் பைன் தூள் வெகுதூரம் பறந்துவந்து விழும். சோலைக்குள் பூச்சியை நம்பிப் பூக்கும் மரம் கொஞ்சமே உதிர்க்கும். ஆகவே தூள்களின் எண்ணிக்கையை அப்படியே காடென்று கொள்ள முடியாது. மகரந்தம் எண்ணுவோரின் இந்த நிதானம்தான் எனக்கு மிகப் பிடித்தது. 1916இல் சுவீடனின் லென்னார்ட் வான் போஸ்ட் மகரந்தத்தை அடுக்குவாரியாக எண்ணும் முறையை முன்வைத்தார். நீலகிரியில் ஆழத்துப் பழைய சேற்றிலும் புல்லின் மகரந்தம் இருக்கிறது; கோடரி வருவதற்கு வெகு முன்பே அங்கே புல்வெளி இருந்தது.