பூட்டிவிட்டதா, பூட்டவில்லையா?

உபுண்டு 8.10-இல் (2008) ஒரு நல்ல வசதி வந்தது: பயனருக்கென்று 'பிரைவேட்' என்ற ரகசிய அடைவு. லாகின் செய்தால் தானே திறக்கும். வட்டில் குறியாக்கப்பட்ட கோப்புகள்தான் இருக்கும். இகிரிப்ட்எஃப்எஸ் அவற்றைப் படிக்கிற வடிவில் காட்டும்.

வழக்கமாக மவுண்ட், அன்மவுண்ட் செய்ய ரூட் அதிகாரம் வேண்டும். இங்கே சாதாரணப் பயனரே செய்யலாம். அதற்கென்று ரூட் உரிமையோடு ஓடும் சின்ன நிரல்களைக் கொடுத்திருக்கிறார்கள். இது எனக்குப் பிடித்தது.

பிடிக்காதது பூட்டும் விதம். எத்தனை அமர்வுகள் திறந்திருக்கின்றன என்று ஓர் எண்ணி கணக்கு வைக்கும். அது பூஜ்யத்துக்கு வந்தால்தான் அன்மவுண்ட். ஓர் அமர்வு முறையாக முடியாவிட்டால் கணக்கு தப்பும். 'அமர்வுகள் திறந்துள்ளன' என்று ஒரு வரி சொல்லிவிட்டுச் சும்மா இருக்கும். சிஸ்டம்டி வந்தபின் லாகவுட் செய்தும் மூடாத வழுவும் பதிவாகியிருக்கிறது.

மணப்பாறையில் ஒரு டிடிபி கடை என்று வைத்துக்கொள்வோம். ஒரே கணினி, ரூட் கடவுச்சொல் முதலாளியிடம். வேலை பார்ப்பவர் 'லாகவுட் பண்ணிட்டேன், பூட்டியிருக்கும்'னு கிளம்புவார். மவுண்ட் ஆகியிருக்கும்வரை ரூட் அதைப் படிக்கலாம். அவருக்கு அது தெரியவே தெரியாது.

அன்மவுண்ட் நிரலுக்கு 'எஃப்' தேர்வு கொடுத்தால் எண்ணியைப் பார்க்காமல் மூடும். பிறகு 'மவுண்ட்' என்று தட்டி, பட்டியலில் அடைவு இல்லை என்று உறுதி செய்யுங்கள். 18.04-இல் நிறுவியிலிருந்து வீட்டு அடைவுக் குறியாக்கத்தை எடுத்துவிட்டார்கள். பழைய கணினிகளில் அது இன்னும் இருக்கலாம். சந்தேகம் வந்தால் திறந்து வைப்பது வாசலுக்குச் சரி, பெட்டகத்துக்குச் சரியில்லை.