இரண்டு கை கேட்கும் கத்தி

பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வரும் சொந்தக்காரர்கள் உள்ள புதுச்சேரி வீடென்றால், மேசை இழுப்பறையில் மரப்பிடி போட்ட மடக்குக்கத்தி ஒன்று கிடக்கலாம். அலகில் 'ஒப்பினெல்' என்றிருந்தால் வெளியே எடுங்கள். பழைய பாணிக் கத்தியை ரசித்துப் பழக அதுவே போதும்.

கத்தியின் வயதைக் கேட்காதீர்கள். போன வருடம் செய்ததும் பழைய பாணியாக இருக்கலாம். திறக்க எத்தனை கை வேண்டும் என்று பாருங்கள். அலகின் முதுகோரம் நகம் பதிய ஒரு பள்ளம் இருக்கும். ஒரு கை பிடியைப் பற்ற, மறுகை நகம் அலகை இழுக்க வேண்டும். 1981-இல் அமெரிக்காவின் ஸ்பைடர்கோ, அலகில் துளை போட்டு, பையில் மாட்டக் கிளிப்பும் வைத்தது. கட்டைவிரலால் தள்ளினால் திறந்துகொள்ளும். கிடங்கில் பெட்டி பிரிப்பவருக்கு அது வசதிதான். மாம்பழம் நறுக்க உட்காருகிறவருக்கு என்ன அவசரம்?

ஆல்ப்ஸ் மலைப்பகுதியான சவ்வாவில் ஜோசப் ஒப்பினெல் 1890-இல் செய்த கத்தியில் வில்லே கிடையாது. மரப்பிடியின் பிளவுதான் அலகைக் கவ்விக்கொள்கிறது. கழுத்தில் திருகும் பூட்டு வளையம் 1955-இல் வந்தது, பிரெஞ்சுக்காரர் நம் ஊரை ஒப்படைத்த மறுவருடம். பூட்டு வந்ததுமே அது புதுப்பாணி ஆகிவிட்டது என்று வாதிடுவோர் உண்டு. நான் ஒப்பமாட்டேன். அந்த வளையத்தையும் நாம்தானே திருகுகிறோம்!

வில் வைத்தவற்றில் லாயோல் பேர்போனது. எனக்கு டூக்-டூக் மேல்தான் ஆசை. பசிபிக் தீவுக் காலனிகளில் விற்பதற்காக 1929-இல் தியேர் நகரில் உருவானது. மடித்த இரும்புத் தகடுதான் பிடி. அதில் மெலனேசியத் தெய்வம் ஒன்றின் உருவம். இவற்றை மடக்கும்போது காது கொடுங்கள். வில் நன்றாக இருந்தால் 'டக்'கென்று சுத்தமாக விழும். தளர்ந்திருந்தால் சத்தம் மழுங்கும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒப்பினெலின் மரம் ஊதி அலகு இறுகிவிடும். நகத்தைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். வளையத்தைத் திருகி வழிவிட்டு, பிடியின் அடிமுனையை மேசையில் தட்டுங்கள், அலகு எட்டிப்பார்க்கும். சவ்வாக்காரர்கள் கைப்பழக்கம் இது.

அலகில் 'கார்போன்' என்று பொறித்திருந்தால் அதிர்ஷ்டம். மாங்காய்ப் புளிப்பு பட்டுப் பட்டு அது நீலச்சாம்பலாகும். அரிவாள்மனை பழகிய வீட்டில் இதற்கு யாரும் பதற மாட்டார்கள். 'இனாக்ஸ்' அலகு நிறம் மாறாது. பராமரிப்பு மிச்சம், பாதி ரசனை நஷ்டம். விரலில் செம்பழுப்பாக ஒட்டினால் மட்டும் துரு, தேய்த்து எடுங்கள். நீலச்சாம்பலைத் தொடாதீர்கள், துருவை அது கொஞ்சம் தள்ளிப்போடும். கடற்காற்று ஊர் என்பதால் நறுக்கியதும் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் பூசி வையுங்கள்.

காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய மடக்குக்கத்தி எதுவும் கண்ணில் பட்டால், பளபளப்பில் மயங்காதீர்கள். சாணைச் சக்கரம் அலகைத் தின்றிருக்கும். பிடியின் நீளத்தோடு அலகை ஒப்பிடுங்கள், திறந்து பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். பேரம் அப்புறம்.