கேளாத கேள்வி: கடம்பூர் மணிமேகலையும் வாசகர் தீர்ப்பும்

அமரர் கல்கியின் 'பொன்னியின் செல்வ'னைப் பற்றி இன்னுமொரு கட்டுரை வேண்டுமோ என்று அன்பர்கள் ஐயுறலாம். வந்தியத்தேவனின் துடுக்கையும், குந்தவையின் மதிநுட்பத்தையும், நந்தினியின் வஞ்சத்தையும், அருள்மொழியின் தியாகத்தையும் ஆராய்ந்தோர் பலர். நாம் எடுத்துக்கொள்வது இவர்களுள் எவரையும் அன்று. கடம்பூர்ச் சம்புவரையர் மகள் மணிமேகலையைப் பற்றி வாசகர்கள் கூறும் கருத்துகளையும், அக்கருத்துகள் எந்த அளவுக்கு நூலோடு பொருந்துகின்றன என்பதையுமே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

இதற்கு ஒரு காரணம் உண்டு. 1950 முதல் 1954 வரை 'கல்கி' வார இதழில் தொடராக வந்த இந்நூல், தொடக்க முதலே வாசகரோடு உரையாடி வளர்ந்த நூலாகும். தொடர் முடிந்தபோது வாசகர்கள் மனநிறைவு கொள்ளாமல் வினாக்களை எழுப்பினர். இன்னாருக்கு என்ன ஆயிற்று, இன்னார் எங்குச் சென்றார் என்ற அவ்வினாக்களுக்கு ஆசிரியர் ஒரு முடிவுரை எழுதி விடையிறுக்க நேர்ந்தது. ஆகவே இந்நூலைப் பொறுத்தவரை வாசகர் கருத்தென்பது நூலுக்குப் புறம்பான ஒன்றன்று.

கதைச் சுருக்கம்

நூலை மறந்தோர்க்காக அவள் கதையைச் சுருங்கக் கூறுவோம். மணிமேகலையின் தமையன் கந்தமாறன். அவன் வடதிசை எல்லைக் காவலில் இருந்த நாளில் வந்தியத்தேவனோடு நட்புக் கொண்டவன். தன் தங்கையைப் பற்றி நண்பனிடமும், நண்பனைப் பற்றித் தங்கையிடமும் ஓயாது புகழ்ந்துரைத்தவன். இருவரையும் மணவினையால் இணைக்கலாம் என்ற எண்ணத்தையும் அவனே விதைத்தான். பின்னர் அரசியல் காற்று திசைமாறுகிறது. சோழ அரியணைக்கு உரியவராகச் சிற்றரசர்கள் முன்னிறுத்தும் மதுராந்தகருக்கே மணிமேகலை என்று முடிவாகிறது. சின்னப் பழுவேட்டரையர் மகளை அவர் முன்பே மணந்தவர் என்பது ஒரு தடையாக எவருக்கும் தோன்றவில்லை. நண்பனிடம், 'அவளை மறந்துவிடு' என்று கந்தமாறன் எளிதாகச் சொல்லிவிடுகிறான். பின்னர் ஆதித்த கரிகாலனைக் கடம்பூருக்கு வரவழைக்கச் சூழ்ச்சி வேண்டியிருந்தபோது, அதே பெண்ணை அவனுக்கு மணமுடிப்பதாகப் பேச்சு எழுகிறது. மணமகன் மாறுகிறான், மணமகள் மாறவில்லை, அவளை ஒருவரும் கேட்கவுமில்லை. இறுதியில் கரிகாலன் கொலையுண்ண, வந்தியத்தேவனைக் காக்கத் தானே கொன்றதாகக் கூறிப் பழியேற்கிறாள். பின் சித்தம் கலங்கி, அவன் மடியிலேயே உயிர் நீக்கிறாள்.

வாசகர் கூறும் மூன்று கருத்துகள்

நம் சங்க நூலகத்தில் இந்நூலின் பழைய பைண்டுப் பிரதி ஒன்று உண்டு. இதழிலிருந்து வாரந்தோறும் கிழித்தெடுத்து, மணியம் அவர்களின் ஓவியங்களோடு சேர்த்துத் தைத்தது. அதனைப் படித்துத் திருப்பித் தந்தோரிடம் பல்லாண்டுகளாக நாம் உரையாடியதில், மணிமேகலையைப் பற்றி மூன்று கருத்துகளே திரும்பத் திரும்பக் கிட்டின.

முதற்கருத்து, அவள் ஓர் அசட்டுப் பெண் என்பது. நேரிற் பழகாத ஒருவனைப் பிறர் வாய்ச் சொல்லைக் கொண்டே நேசித்து, அவன் உள்ளம் குந்தவையிடம் இருப்பதை அறியாமல் அழிந்தாள் என்பர் இவர்கள். இரண்டாவது கருத்து, அவள் மிகையான பாத்திரம் என்பது. அவளை நீக்கினாலும் கதை நடக்கும் என்பர். 2022இலும் 2023இலும் இரு பாகங்களாக வெளிவந்த திரைப்படத்தில் மணிமேகலை இடம்பெறாமையை இவர்கள் சான்று காட்டுவர். மூன்றாவது கருத்து, அவள் தூய காதலின் திருவுரு என்பது. அவள் சாவை எண்ணிக் கண்ணீர் உகுத்து, அதுவே நூலின் இனிமை என்பர்.

இம்மூன்றும் தம்முள் மாறுபட்டவை போலத் தோன்றினும் ஓர் இடத்தில் ஒன்றுபடுகின்றன. மூன்றும் மணிமேகலையின் காதலைப் பற்றியே பேசுகின்றன. அவள் மீது சுமத்தப்பட்ட திருமணத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. பழிப்போரும் புகழ்வோரும் அவள் உள்ளத்தை ஆராய்கின்றனரேயன்றி, அவள் வீட்டாரின் செயலை ஆராய்வதில்லை.

நொதுமலர் வரைவும் அறத்தொடு நிலையும்

நம் அகப்பொருள் மரபு இத்தகைய நெருக்கடியை நன்கு அறிந்தது. தலைவி ஒருவனிடம் உள்ளத்தைக் கொடுத்திருக்க, அயலார் மணம் பேச வருவதை 'நொதுமலர் வரைவு' என்று உரைகாரர் கூறுவர். அந்நிலையில் தலைவியைக் காக்க மரபு வகுத்த வழி 'அறத்தொடு நிற்றல்'. தலைவி தோழிக்கு உரைப்பாள். தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் தமையன்மார்க்கும் உண்மையைக் கொண்டுசெல்வர். கபிலரின் குறிஞ்சிப்பாட்டு முழுவதும் தோழி செவிலிக்கு இவ்வாறு அறத்தொடு நின்று உரைப்பதேயாகும். குறிஞ்சிக்கலியில் ஒரு பாட்டில், செய்தி கேட்ட தமையன்மார் முதலிற் சினந்து வில்லையும் அம்பையும் நோக்குகின்றனர். பின்னர் இருவர்பாலும் குற்றமில்லை என்று தெளிந்து தலை கவிழ்க்கின்றனர்.

இங்கு 'அறம்' என்ற சொல்லை நோக்குதல் வேண்டும். பெண்ணின் விருப்பத்தை வீட்டார்க்கு உணர்த்துவதையே நம் முன்னோர் அறத்தின் பக்கம் நிற்றல் என்று பெயரிட்டனர். அதனை மறைத்தும் மறுத்தும் பிறனுக்குக் கொடுப்பது எதுவென்பதை அவர்கள் வெளிப்படச் சொல்ல வேண்டியதில்லை; பெயரே சொல்லிவிடுகிறது.

கடம்பூர் மாளிகையில் இந்தச் சங்கிலி எங்கே அறுந்தது என்பதே நாம் எழுப்பும் வினா. மணிமேகலை பேசாமடந்தை அல்லள். மதுராந்தகரை மணக்க அவளுக்கு விருப்பமில்லை. அதனை அவள் மூடி மறைக்கவுமில்லை. அவள் உள்ளம் திறந்து பேசியது நந்தினியிடம். நந்தினியைத் தமக்கையாகவே கருதினாள். தோழி நிற்க வேண்டிய இடத்தில் நின்றவள் அவளே. ஆனால் நந்தினிக்கு வேறொரு நோக்கம் இருந்தது. வீரபாண்டியனின் தலையைக் கொய்த கரிகாலனைப் பழிவாங்க அவனைக் கடம்பூருக்கு வரச்செய்யும் வலையாக இத்திருமணப் பேச்சு அவளுக்குப் பயன்பட்டது. அறத்தொடு நிற்க வேண்டிய செவியிற் சென்று சேர்ந்த சொல், வஞ்சத்துக்கு உதவும் கருவியாயிற்று. மரபு வகுத்த சங்கிலியின் முதற்கண்ணியே இவ்வாறு திரிந்தது.

எஞ்சியவன் தமையன். குறிஞ்சிக்கலித் தமையன்மார் தலை கவிழ்த்தனர் என்றோம். கந்தமாறன் தலை கவிழ்த்ததில்லை. வந்தியத்தேவன் தன்னை முதுகிற் குத்தினான் என்று தவறாக நம்பியபின், தங்கையின் விருப்பம் அவனுக்குப் பகைவன் பக்கம் சாய்ந்த குற்றமாகவே தோன்றுகிறது. தானே நட்ட செடியைத் தானே பிடுங்குகிறான். செடிக்கு நோகுமோ என்று எண்ணவில்லை. அவன் கொடியவனும் அல்லன். தங்கையிடம் பேரன்பு கொண்டவன். சம்புவரையரும் மகளைச் செல்லமாக வளர்த்தவரே. அன்புடையோர் கூடிச் செய்யும் வன்முறை இது. கையை முறுக்குவார் இல்லை. அறையிற் பூட்டுவார் இல்லை. சோழ நாட்டின் பட்டத்தரசியாவாள் என்ற ஆசையைக் காட்டியே அவளை இழுக்கின்றனர்.

கருத்துகளுக்கு விடை

இனி அம்மூன்று கருத்துகளையும் மீண்டும் நோக்குவோம்.

அசட்டுத்தனம் என்பார்க்கு ஒரு விடை உண்டு. ஒருதலைக் காமம் துன்பந்தான். ஆயினும் அத்துன்பம் அளவுடையது. மணிமேகலையை வீட்டார் கேட்டிருப்பின் அவள் உண்மை கூறியிருப்பாள். வந்தியத்தேவனும் தன் உள்ளம் வேறிடத்தில் இருப்பதைப் பணிவாகச் சொல்லியிருக்கக்கூடும். சிலநாள் அழுது தேறியிருப்பாள். அவளைச் சித்தம் கலங்கச் செய்தது கைகூடாத காதல் மட்டுமன்று. அக்காதலைச் சொல்லவும், கேட்கவும், மறுக்கப்படவும் இடமளிக்காத ஏற்பாடே பெருங்காரணம். தன் தமையன் கையாலேயே வந்தியத்தேவன் மாண்டான் என்று நம்பிய கணத்தில்தான் அவள் அறிவு நிலைகுலைகிறது என்பதை வாசகர்கள் மறத்தலாகாது.

மிகைப் பாத்திரம் என்பார்க்கு நூலின் அமைப்பே விடை. ஐந்தாம் பாகத்துக்கு ஆசிரியர் இட்ட பெயர் 'தியாகச் சிகரம்'. அருள்மொழிவர்மர் தமக்கு வந்த மணிமுடியைச் சிறிய தந்தைக்கு ஈந்த செயலே அச்சிகரம். நூல் அங்கேயே முடிந்திருக்கலாம். ஆனால் கல்கி அங்கு முடிக்கவில்லை. கடைசி அத்தியாயத்துக்கு 'மலர் உதிர்ந்தது' என்று பெயரிட்டு, அதனை மணிமேகலையின் சாவுக்கே அளித்தார். உடையார்குடிக் கல்வெட்டு கரிகாலனைக் கொன்றாரின் பெயர்களைத் தருகிறது. தஞ்சைப் பெருவுடையார் கோயிற் கல்வெட்டு குந்தவையாரின் கணவராக வல்லவரையர் வந்தியத்தேவரைக் குறிக்கிறது. மணிமேகலைக்கு எந்தக் கல்லிலும் இடமில்லை. அவள் ஆசிரியரின் படைப்பு. வரலாற்றில் இல்லாத ஒருத்தியை, வரலாற்றுப் பெருநிகழ்ச்சிக்கு அப்பால் நிறுத்தி நூலை முடித்த ஆசிரியர் அவளை மிகையாகக் கருதியிருக்க இயலாது. முடிசூட்டுக்குச் செலவான கணக்கில் ஒரு பெண்ணின் உயிரும் உண்டு என்று அந்த அத்தியாயம் நினைவூட்டுகிறது. அவளை நீக்கினால் கதை நடக்கும், கணக்கு நேராகாது.

தூய காதல் என்று உருகுவாரோடு நமக்கு வழக்கு மிகுதி. அவள் சாவில் இனிமை காண்பது, அச்சாவுக்குக் காரணமானோரை விடுவித்துவிடுகிறது. இவ்விடத்து ஆசிரியர் மீதும் நாம் ஒரு குறை சொல்லாதிருத்தற்கில்லை. பித்தும் சாவும் அவளை வந்தியத்தேவன் வழியிலிருந்து எளிதில் அகற்றிவிடுகின்றன. தமையனின் பிழை ஓர் அவசரக்காரனின் அறியாமையாகவே பெரிதும் காட்டப்படுகிறது. மணிமேகலை உயிரோடிருந்து, 'என்னை ஏன் கேட்கவில்லை?' என்று தமையன் முகம் நோக்கி வினவும் ஓர் அத்தியாயம் இருந்திருக்குமாயின், வாசகர் கண்ணீர் குறைந்திருக்கும், நாணம் மிகுந்திருக்கும்.

காலமும் நூலும்

இந்நூல் வாரந்தோறும் வெளிவந்த ஆண்டுகளை எண்ணிப் பார்த்தல் தகும். அதே காலத்தில் தில்லி நாடாளுமன்றத்தில் இந்துச் சட்டத் தொகுப்பு மசோதா கடும் எதிர்ப்புக்குள்ளாகி நின்றது. அது நிறைவேறாமைக்கு வருந்தி 1951இல் டாக்டர் அம்பேத்கர் சட்ட அமைச்சர் பதவியைத் துறந்தார். தொடர் முடிந்த மறு ஆண்டாகிய 1955இல் இந்துத் திருமணச் சட்டம் வந்தது. வலுக்கட்டாயத்தாற் பெற்ற இசைவின் மேல் நடந்த திருமணத்தை நீதிமன்றத்தில் முறையிட்டு நீக்கிக்கொள்ளலாம் என்று அச்சட்டம் வகை செய்தது. கல்கி இதனை மனத்திற்கொண்டே எழுதினார் என்று கூற நாம் துணியவில்லை. ஆயினும், பெண்ணின் இசைவு என்பது நாடு முழுதும் வாதிக்கப்பட்ட நாளில், இசைவு கேளாத ஒரு மாளிகையின் அழிவைத் தமிழ் வாசகர் வாரவாரம் படித்தனர் என்பது உண்மை.

சட்டம் வலுக்கட்டாயத்தைத் தடுக்கும். அன்பினாற் செய்யும் கட்டாயத்தை அது எவ்வாறு அளக்கும்? பெண் பார்க்கும் கூடத்தில், மூத்தோர் சூழ அமர்ந்திருக்கையில், 'சம்மதந்தானே அம்மா?' என்று கேட்பது கேள்வியாகுமா? விடை முன்பே எழுதப்பட்ட வினாவன்றோ அது!

இதனை எழுதும் நாமும் ஒருகாலத்தில் தமையன் இடத்தில் இருந்தவரே. தந்தையார் இல்லாத வீட்டில் தங்கைக்கு வரன் தேடி, உத்தியோகமும் குலமும் ஊரும் பார்த்து முடித்தோம். அவள் பேசாதிருந்தாள். பேசாமை இசைவென்று குறித்துக்கொண்டோம். தீங்கொன்றும் நேரவில்லை, அவள் நன்றாகவே வாழ்கிறாள். பல்லாண்டு கழித்து ஒரு கோடை விடுமுறையில் நம் இல்லத்துக்கு வந்தவள், இந்நூலின் ஐந்து பாகங்களையும் படித்து முடித்தாள். எப்படியிருந்தது என்று கேட்டோம். 'நன்றாக இருந்தது அண்ணா. அந்தப் பெண்ணை யாராவது தனியாக உட்கார்த்தி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்' என்றாள். பின்னர் எழுந்து அடுக்களைக்குச் சென்றுவிட்டாள்.

மணிமேகலையைப் பற்றி நாம் கேட்ட வாசகர் கருத்துகளுள் நூலோடு முற்றும் பொருந்துவது அந்த ஒன்றே என்பது நம் துணிபு. நம் இல்லத்தில் இப்போது ஒரு மகள் வளர்ந்து நிற்கிறாள். வரன் பேசும் நாள் வருமுன், கூடத்துக்கு அழையாமல், தனியாக உட்கார்த்திக் கேட்பதென்று உறுதி செய்துள்ளோம். அவள் மறுத்தாலும் அம்மறுப்பை வீட்டார்க்கு எடுத்துரைக்கும் கடமை நம்முடையது. அறத்தொடு நிற்றல் தோழிக்கு மட்டும் உரிய துறையன்று. தந்தைக்கும் தமையனுக்கும் உரியதே.