குச சாதகத்தில் உருவும் ஒப்பும்

யட்டவத்த முதலாய ஊர்களைத் தன்னகத்தே கொண்ட மாத்தளை மாவட்டம் பௌத்த நூல் வரலாற்றில் தனியிடம் பெற்றது. கி. மு. முதலாம் நூற்றாண்டில், வட்டகாமணி அபயன் காலத்தில், அதுவரை வாய்மொழியாக வழங்கிவந்த பாலித் திரிபிடகம் அம்மாவட்டத்து அலுவிகாரையிலேயே ஏட்டில் எழுதப்பெற்றது என்பது மரபு. அத்தொகுதியைச் சார்ந்த சாதகங்களுள் 531 ஆவதாகிய குச சாதகம், வாழ்க்கைத் துணையைத் தெரிவார் உருவுக்கு எத்துணை மதிப்பளித்தல் தகும் என்னும் வினாவை எழுப்புவது. சிங்களப் புலவர் இக்கதையைப் பெரிதும் போற்றினர். 13 ஆம் நூற்றாண்டுக் கவ்சிளுமிணவும், அழகியவண்ண முகவெட்டி 1610 இல் இயற்றிய குசசாதக காவியமும் இதனையே பொருளாகக் கொண்டன. (பின்னவர் பெயர் தமிழ்ச் செவிக்கு இப்பொருளோடு இயைந்தே ஒலிக்கின்றது.) உருவினும் குணமே பெரிது என நாட்டுவது இக்கதை என்று கொள்வார் உளர். ஊன்றி நோக்குமிடத்து அக்கருத்து நிலைபெறாமை புலனாகும்.

ஒக்காக மன்னன் மகனாகிய குசன் அறிவிற் சிறந்தவன், உருவிற் குறைந்தவன். மணஞ்செய்யுமாறு பெற்றோர் வற்புறுத்த, தன் கையாலேயே பொன்னாற் பாவையொன்று சமைத்து, இதனை ஒத்தாள் கிடைப்பின் மணப்பேன் என்கின்றான். அப்பாவையை ஊர்தோறும் கொண்டு சென்றோர், சாகல நகரத்து அரசன் மகள் பபாவதியைக் காண்கின்றனர். கருவுறுங்காறும் மனைவி கணவனைப் பகலொளியிற் காணலாகாது என்பது குலமரபு எனக் குசனின் தாய் பொய் கூறி, அவளை மருமகளாக்குகின்றாள்.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. அழகை அளவுகோலாக்கியவன் அழகற்ற குசனே. பொற்பாவை காட்டிப் பெண் தேடிய அவன் செயலைக் கதை பழிக்கவில்லை. உண்மை அறிந்த பபாவதி தந்தை வீடு மீண்டதையே செருக்காகக் காட்டுகின்றது. அவள் வெறுத்தது அவன் முகத்தை மட்டுமோ, இருளில் மறைத்து இழைத்த வஞ்சத்தையுமோ என்று எவரும் வினவவில்லை.

அவளைத் தொடர்ந்து சென்ற குசன் குயவனாகவும், கூடை முடைவோனாகவும், மாலை தொடுப்போனாகவும், மடைத்தொழில் செய்வோனாகவும் உழைக்கும் பகுதியே கதையின் உயிர்நிலை. அரசு துறந்து அடுப்பூதும் அவன் அன்பு பொய்யன்று. எனினும் அவன் கைத்திறனை அடையாளங் கண்டே பபாவதி அவன் செய்த பொருள்களை மறுக்கின்றாள். அவள் மனம் மாறுவது பின்னரே. எழுவர் அரசர் நகரை முற்றுகையிட, தந்தையே அவளை ஏழு கூறாக்கி அவர்கட்கு அளிக்கத் துணிகின்றான். அந்நிலையிற் குசனின் அடியிற் சேற்றில் வீழ்கின்றாள். வாளுக்கு அஞ்சிப் பிறந்த இசைவைக் காதல் எனல் எங்ஙனம்? வெற்றிக்குப்பின் சக்கன் ஈந்த மணியின் ஆற்றலாற் குசனும் அழகனாகின்றான். இருவரும் ஒத்த உருவினராய் நாடு திரும்புகின்றனர். உருவு ஒரு பொருட்டன்று எனின் அம்மணி எற்றுக்கு?

தொல்காப்பியர் இத்தகைய இடர்ப்பாட்டிற் சிக்கவில்லை. மெய்ப்பாட்டியலில் தலைமக்கட்குரிய ஒப்புப் பத்தினை வகுக்கும் அவர், குடிமை, ஆண்டு, அருள், உணர்வு, திரு முதலியவற்றோடு உருவையும் ஒன்றாக எண்ணுகின்றார். அதனை இழித்தொதுக்கவும் இல்லை. தலையாயதாக உயர்த்தவும் இல்லை. இருவர்பாலும் ஒத்திருத்தலே அவர் வேண்டுவது. ஆயினும் தலைவன் மிக்கோனாயினும் தடையின்று எனக் களவியலில் நெகிழும் ஆசிரியர், தலைவி மிக்காளாதற்கு அந்நெகிழ்ச்சி தந்தாரல்லர். சாதக ஆசிரியரும் மிக்காளாகிய பபாவதியை அவ்வாறே விட்டுவைக்க ஒருப்படாது, மணியைக் கொணர்ந்து ஒப்பாக்கினார் போலும்!

ஞாயிற்றுப் பத்திரிகைகளில் இன்றும் மணமகனுக்கு உத்தியோகமும் மணமகளுக்கு நிறமும் கூறும் விளம்பரங்களைக் காணலாம். யட்டவத்தையிலும் யாழ்ப்பாணத்திலும் குசனின் பொற்பாவை இன்னும் வீடுதோறும் சென்றுவருகின்றது.

இக்கதையைத் தழுவித் தாகூர் 1910 இல் எழுதிய ‘ராஜா’ நாடகம் குறையின் வேரையே தொட்டது. இருளறையில் மட்டுமே கணவனைச் சந்திக்கும் அரசி சுதர்சனை, ஒளியிற் கண்ட போலியரசனின் எழிலில் மயங்குகின்றாள். அப்போலியின் பெயர் சுவர்ணன், அஃதாவது பொன். இங்கும் தந்தை வீடு உண்டு. அரசர் முற்றுகையும் உண்டு. ஆனால் பகைவரை வென்ற கணவன் அவளை அழையாமலே சென்றுவிடுகின்றான். அச்சுறுத்துவார் எவருமில்லாத அந்நிலையிலேயே சுதர்சனை தெருவில் இறங்கி, அவனை நாடி நடக்கின்றாள். தாகூரின் அரசனுக்கு எவரும் மணி அளிக்கவில்லை. அவன் அழகன் அல்லன் என்பதை அறிந்தே அவள் அவனை ஏற்கின்றாள்.