கதவுக்குள் ஒரு பேஸ் கிடார்

கார்க் கதவை வெளிப்பக்கம் விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் ‘டங்’ என்று காலி டின் சத்தம் வரும். உள்பக்க அட்டையைக் கழற்றி, தகட்டில் பியூட்டைல் ரப்பர் ஷீட் ஒட்டி, உருளையால் அழுத்தித் தேய்த்தபின் தட்டினால் ‘டொக்’. காருக்குள் நல்ல சங்கீதம் அந்த ‘டொக்’கில்தான் தொடங்குகிறது. ஸ்பீக்கரும் ஆம்ப்பும் அப்புறம்.

ஓசூரில் இந்த வேலை நடக்கும்போது ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்ப்பது எனக்குப் பிடிக்கும். டிவிஎஸ்ஸும் அசோக் லேலண்டும் டைட்டனும் இருக்கிற ஊர். டீக்கடையில்கூட மைக்ரான் கணக்குப் பேசுவார்கள். அந்தப் பழக்கம் ஆடியோ கடைப் பையனின் கையிலும் இருக்கிறது. முதலாளியிடம் தெலுங்கு, போனில் கன்னடம், என்னிடம் தமிழ்; உருளை மட்டும் நிற்பதில்லை. ஷீட்டின் அலுமினியப் பரப்பில் சின்னச் சின்னப் புடைப்புகள் இருக்கும். அவை மட்டமானால்தான் ரப்பர் தகட்டைக் கவ்வியது என்று அர்த்தம். அடுத்து உள்தகட்டின் ஓட்டைகளை அடைக்கிறான். ஸ்பீக்கர் கூம்பின் முன்பக்க அலையும் பின்பக்க அலையும் அந்த ஓட்டை வழியே சந்தித்தால் ஒன்றையொன்று தின்றுவிடும். முதல் பலி பேஸ்தான். கம்பெனி ஒயரை வெட்டாமல் கப்ளர் போட்டு இணைக்கிறான். வாரண்டிக்காகச் செய்வது, ஆனால் பார்க்கவும் அழகு.

உச்சகட்டம் லேப்டாப்பைத் திறக்கும்போது வருகிறது. நம் ஊரில் ஸ்டீயரிங் வலப்பக்கம். வலது ஸ்பீக்கர் முழங்காலுக்குப் பக்கத்தில், இடது அந்தக் கோடியில். தூரத்தில் அரை மீட்டர் வித்தியாசம் என்று வையுங்கள். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் ஓடுகிறது. ஆக, வலதுபக்க ஒலி ஒன்றரை மில்லிநொடி முந்தி வந்துவிடுகிறது. காதுக்கு அது போதும், பாடகரை வலது கதவுக்குள் உட்கார வைத்துவிடும். டிஎஸ்பி என்ற சின்னப் பெட்டி வலது ஸ்பீக்கரை அந்த ஒன்றரை மில்லிநொடி காக்க வைக்கிறது. பையன் எண்ணை ஏற்ற ஏற்ற, எஸ்.பி.பி. கதவை விட்டுக் கிளம்பி, ஸ்டீயரிங்கைத் தாண்டி, டேஷ்போர்டின் நடுவில் வந்து நின்றார். கண்ணாடிக்கு அப்பால் பானட்டின் மேல் நிற்பதுபோலக்கூட ஒரு கணம் இருந்தது.

வந்த பாட்டு ‘பயணங்கள் முடிவதில்லை’ (1982) படத்தின் நிலாப் பாட்டு. இதைச் சோதிக்க ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு இறங்கும் சாலையைவிட நல்ல இடம் கிடையாது. ஐம்பது கிலோமீட்டர், சூளகிரி வரை லாரிகளின் ராஜ்ஜியம். டயர் இரைச்சலின் பெரும்பகுதி கீழ்ஸ்தாயியில் இருக்கிறது. பேஸ் கிடார் வசிப்பதும் அங்கேதான். அதன் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸில் பேசும். கதவு அமைதியானதும் இத்தனை வருடம் இரைச்சலுக்கு அடியில் கிடந்த அந்தத் தந்தி மேலே வருகிறது. தொடக்கத்தில் கிடார் தந்தியை விட்டு விரல் விலகுவது கேட்கிறது. அப்புறம் பேஸ், பாடகரின் பின்னாலேயே நடக்காமல் தனக்கென்று ஒரு வழி போட்டுக்கொண்டு போய், அவர் மூச்சு வாங்கும் இடத்தில் முன்னால் வந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஒதுங்குகிறது. ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஸ்வரக்குறிப்பைத் தானே எழுதிக் கொடுப்பவர் இளையராஜா. அவர் குழுவில் நெடுங்காலம் பேஸ் வாசித்தவர் சசிதரன். டேப் ரெக்கார்டர் காலத்தில் ஒரு மொத்தமான ‘தும்’மாக நமக்கு வந்து சேர்ந்தது, எழுதி வாசித்த இன்னொரு மெட்டு.

டிக்கி நிறையப் பன்னிரண்டு அங்குல சப்வூஃபர் வைத்து நம்பர் பிளேட்டை நடுங்க வைப்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. நைட் ஷிஃப்ட் வேன் ஓட்டுகிறவருக்கு அந்த அதிர்வு காபியைவிட உதவும். ஆனால் அங்கே எல்லாப் பாட்டிலும் ஒரே பேஸ்தான் கேட்கும். எனக்குச் சீட்டுக்கு அடியில் ஒரு சின்ன சப்வூஃபர் போதும், 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும் வேலை. அது இருக்கிறது என்றே தெரியக் கூடாது. அணைத்தால் மட்டும் பாட்டுக்குக் கால் போய்விட வேண்டும்.

இதில் ஒரு தொல்லை உண்டு. ஆயிரம் பாட்டு அடைத்த பழைய பென்டிரைவைச் செருகினால், எம்பி3-யில் நசுங்கிப் போன சிம்பல்கள் இரண்டு நிமிடத்தில் காதை அறுக்கின்றன. முன்பு அதே பாட்டுக்குத் தாளம் போட்டிருக்கிறேன். இப்போது அந்தப் பென்டிரைவ் டீசல் பில்களோடு கிளவ் பாக்ஸில் கிடக்கிறது. மாம்பழ சீசனில் கிருஷ்ணகிரிக்கு வரும் சொந்தக்காரர்கள், “என்னப்பா, இவ்வளவு செலவு பண்ணியும் சத்தமே இல்லையே” என்று கேட்கும்போது மட்டும் எடுத்துப் போடுகிறேன். சந்தோஷமாகிவிடுகிறார்கள்.