பள்ளிக்கு இடம் குறிப்பவர் யார்?

சென்னை மாநகரிலே வீடுடையோர் தலைமுறை தலைமுறையாகச் செலுத்தி வந்த சொத்து வரிக்குள்ளே, கல்வி வரி என்று ஒரு பங்கு அடங்கியிருந்தது. வரிக்குள் ஒரு வரி! கட்டியவர்களுள் பெரும்பாலோர் அதனைக் கவனித்ததில்லை. கவனித்த சிலரும், எந்தச் சட்டம் ஈன்ற பிள்ளை இது என்று கேட்டதில்லை. கேட்டிருப்பின் அந்தக் கேள்வி அவர்களை, 1920ஆம் ஆண்டின் சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டத்தின் வாசலிலே கொண்டுபோய் நிறுத்தியிருக்கும். அந்தச் சட்டத்தையும், 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தையும் அருகருகே வைத்துப் படித்துப் பாருங்கள், தோழர்களே! எந்த ஊரில் பள்ளி எழும், எந்த ஊரில் எழாது, எழுந்த பள்ளி எத்தனை நாள் நிற்கும் என்பதையெல்லாம் இந்நாட்டில் முடிவு செய்து வந்தது யாருடைய கை என்பது விளங்கும்.

1920ஆம் ஆண்டுச் சட்டம் நல்ல நோக்கத்தோடு பிறந்ததுதான். மறுப்பதற்கில்லை. மாவட்டந்தோறும் ஒரு கல்விக் குழு; ஊராள் மன்றங்களுக்குக் கல்விக்கென்று தனி வரி விதிக்கும் உரிமை; அரசின் இசைவு பெற்றுத் தம் எல்லைக்குள் கட்டாயக் கல்வியைக் கொண்டுவரும் உரிமை. வரியாகத் திரளும் தொகைக்கு ஈடாக அரசும் தன் பங்கைத் தரும். கேட்பதற்கு இனிக்கிறது! நீ ஒரு ரூபாய் போடு, நானும் ஒரு ரூபாய் போடுகிறேன் என்று அரசு கைகொடுக்க முன்வருகிறது. இதிலே குறை காண்பானேன் என்று கேட்கத் தோன்றும். குறை குடியிருப்பதே அங்கேதான்.

நூறு ரூபாய் வரி திரட்டவல்ல நகரம், அரசிடம் நூறு பெற்று இருநூறாக்கிக் கொள்ளும். பத்து ரூபாய்க்கே பல்லைக் காட்டும் வறண்ட வட்டாரமோ, பத்துப் பெற்று இருபதோடு நிற்கும். எங்கே எழுத்தறியாப் பிள்ளைகள் ஏராளமோ, அங்கே வரி கொடுக்கும் வசதியில்லை. எங்கே வசதி இருந்ததோ, அங்கே அரசின் பணமும் சேர்ந்து போயிற்று. மேட்டுக்கு நீரிறைத்துப் பள்ளத்தைக் காயவிட்ட பாசனம்!

வரி விதிக்கும் மன்றத்திலே அமர்ந்திருந்தவர்கள் யார்? சொத்தும் வரியும் இருந்தால்தான் வாக்கு என்றிருந்த நாளிலே தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். தம் வயலில் நாற்று நடும் கூலியாளின் மகன் எழுத்துக் கற்பதற்காகத் தம் வயலின் மீதே வரி போட்டுக்கொள்ள எத்தனை பண்ணையார் கைதூக்குவர்? வரி விதிக்கலாம் என்றதே தவிர, விதித்தாக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. 'லாம்' என்ற அந்த ஈரெழுத்திலே எத்தனையோ சிற்றூர்களின் பள்ளிக்கூடம் புதைந்து போயிற்று. கட்டாயக் கல்வி சில நகராட்சிகளோடும் சில வட்டாரங்களோடும் நின்றுவிட்டது.

பள்ளி எழுந்த ஊர்களிலாவது எல்லாப் பிள்ளைகளும் நுழைந்தனரா? தனிக் கட்டடம் கட்டப் பணமில்லை. ஆகவே கிடைத்த கூரையின் கீழே பள்ளி நடந்தது. கிடைத்த கூரை எது? அக்கிரகாரத்துத் திண்ணை, கோயில் மண்டபம், ஊர்ச் சாவடி. கணக்குப் புத்தகத்திலே அந்த ஊருக்குப் பள்ளி உண்டு. ஆனால் சேரிப் பிள்ளை அந்தத் தெருவிலே கால் வைக்கலாகாது! சங்கிலி போட்டு அளந்தால் கூப்பிடு தொலைவு; சாதி போட்டு அளந்தால் எட்டாத தொலைவு. பொதுப்பணத்தில் நடக்கும் பள்ளிகள் எல்லோரும் வரத்தக்க இடத்திலே இருக்க வேண்டும் என்று அரசே ஆணை பிறப்பிக்க நேர்ந்தது. ஆணை அசைந்த அளவுக்கு ஊர் அசையவில்லை. ஆகவே, தொழிலாளர் துறை ஆதிதிராவிடப் பிள்ளைகளுக்கென்று தனிப் பள்ளிகளைத் திறந்தது. ஒரே ஊரில் இரு பள்ளி! வரைபடம் வரைந்த அலுவலருக்கு இது வீண்செலவாகத் தோன்றியிருக்கக்கூடும். அந்தச் சேரியின் தாய்க்கு அதுதான் முதற்பள்ளி.

ஊராள் மன்றத்தார் எல்லோருமே பண்ணையார் மனம் படைத்தோர், கோட்டையில் இருந்தோர் எல்லோரும் கொடைவள்ளல்கள் என்று இதனால் முடிவு கட்டிவிடாதீர்கள். ஆயிரம் விளக்கிலே நடந்ததைக் கேளுங்கள். 1920ஆம் ஆண்டு செப்டம்பரில் சென்னை மாநகராட்சி மன்றம், தியாகராயரின் தலைமையிலே ஒரு தீர்மானம் நிறைவேற்றிற்று: ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியின் பிள்ளைகளுக்கு நண்பகல் உணவு, ஆளுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாமல். பசித்த பிள்ளைக்குப் பலகையிலே இடம் ஒதுக்கிப் பயனில்லை, அவன் வரமாட்டான் என்பதைக் கண்டறிந்தவர்கள் அந்தத் தெருவையும் அந்தக் குடிசையையும் அறிந்த நகர்மன்றத்தார். திட்டம் மேலும் நான்கு பள்ளிகளுக்குப் பரவிற்று. அந்த ஐந்து பள்ளிகளிலே 1922-23இல் 811ஆக இருந்த பிள்ளைகளின் எண்ணிக்கை 1924-25இல் 1,671 ஆயிற்று. புதிதாக எந்தக் கட்டடமும் தேவைப்படாமல், இருந்த பள்ளிகளே இருமடங்கு பிள்ளைகளை ஈர்த்தன!

மேலிடம் என்ன செய்தது? பாராட்டு மடலா அனுப்பியது? தொடக்கக் கல்வி நிதி என்பது கல்விக்கான நிதி. அதிலிருந்து சோற்றுக்குச் செலவு செய்யலாகாது என்றது வெள்ளை அரசு. 1925 ஏப்ரல் முதல் நாள் அடுப்பு அணைந்தது. பிறகு மீண்டும் மூட்டப்பட்டது, ஏழைப் பிள்ளைகளுக்கென்று ஓரளவுக்கு. ஊரின் தேவையை அறிந்தவன் ஒருவன், நிதியின் தலைப்பை எழுதுபவன் வேறொருவன் என்றிருந்தால் நேர்வது இதுதான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; நூறாண்டு கழித்து இதே தலைப்புச் சண்டை வேறு உடையிலே வரப்போகிறது.

விடுதலை வந்தது. பத்தாண்டுக்குள் பதினான்கு வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி என்று அரசியல் சட்டத்தின் 45ஆம் விதி முழங்கிற்று. முழக்கத்துக்கு முதற்சோதனை 1953இல் வந்தது. பள்ளிக்கு வெளியே இருக்கும் பிள்ளைகளோ பல இலட்சம்; பணமோ இல்லை; என்ன செய்வது? ஆச்சாரியாரின் அரசு கணக்குப் போட்டது. பிள்ளை நாள் முழுதும் பள்ளியில் இருப்பதால்தானே ஓர் இடத்தில் ஒரு பிள்ளை? மூன்று மணி நேரத்தோடு அனுப்பிவிட்டால் அதே பலகையில் இன்னொரு பிள்ளை! ஆசிரியரும் அவரே, கூரையும் அதுவே. நாளின் மறுபாதியிலே பிள்ளை தகப்பன் தொழிலைப் பழகட்டும். பள்ளி இடம் இரட்டிப்பாயிற்று, காகிதத்திலே!

அந்தத் திட்டத்தின் குலத்தொழில் நாற்றத்தைப் பற்றி இந்நாட்டில் பேசாத மேடையில்லை. நான் இங்கே சுட்டுவது அதன் கணக்கை. இடம் என்பதைப் பலகையால் அளந்தனர், பிள்ளை பெறும் நேரத்தால் அளக்கவில்லை. அந்தப் பாதி நாள் பள்ளியும் சிற்றூர்களுக்குத்தான் வகுக்கப்பட்டது. நகரத்துப் பிள்ளைக்கு முழு நாள். பற்றாக்குறையைப் பங்கிடும்போது அது யார் தலையில் வந்து விழுகிறது என்பதைக் கவனியுங்கள். 1954இல் ஆட்சி மாறிற்று. காமராசர் வந்ததும் திட்டம் குப்பைக்குப் போயிற்று.

அடுத்து நடந்ததுதான் இக்கட்டுரையின் உயிர்நாடி. 1957இல் இந்தியா முழுவதும் கல்வி அளவாய்வு ஒன்று நடந்தது. அதற்கு முன்பெல்லாம் வருவாய்க் கிராமம் என்பதே கணக்கின் அலகு. நிலவரி வாங்குவதற்காகக் கிழிக்கப்பட்ட எல்லைக்கோடு அது. அந்தக் கோட்டுக்குள்ளே ஊர் இருக்கும், சேரி இருக்கும், இரண்டு கல் தொலைவிலே குப்பமோ பட்டியோ இருக்கும். ஊரில் ஒரு பள்ளி இருந்தால் கிராமம் முழுமைக்கும் பள்ளி உண்டு என்று கணக்கன் எழுதிவிடுவான். 1957ஆம் ஆண்டு அளவாய்வோ குடியிருப்பை அலகாகக் கொண்டது. மக்கள் எங்கெங்கே கூடி வாழ்கின்றனரோ, அதை ஒவ்வொன்றாக எண்ணிற்று. நடக்கும் தொலைவிலே தொடக்கப்பள்ளி இல்லாத குடியிருப்புகள் எவை என்று பட்டியலிட்டது. சின்னஞ்சிறு மாற்றம் போலத் தோன்றும். ஆனால் அதுவரை கணக்கிலேயே இல்லாத சேரியும் குப்பமும் மலையடிவாரமும் அன்றுதான் அரசின் கண்ணுக்குத் தெரிந்தன.

நெ. து. சுந்தரவடிவேலு கல்வித்துறையின் இயக்குநராக இருந்த காலம் அது. முதலில் ஐந்நூறு பேர் வாழும் ஊர்கள், பின்னர் முந்நூறு பேர் வாழும் ஊர்கள் என்று பள்ளிகள் எழுந்தன. ஊர் எவ்வளவு வரி தந்தது என்ற கேள்வி ஒதுங்கி, எத்தனை பேர் வாழ்கின்றனர் என்ற கேள்வி முன்வந்தது. ஊராரும் சும்மா இருக்கவில்லை. பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளிலே நிலமும் கட்டடமும் மேசையும் நாற்காலியும் தந்தனர். தந்தது உண்மை, பெருமைக்குரியது. ஆயினும் அந்த மாநாட்டுப் பந்தலை ஒரு நொடி எட்டிப் பாருங்கள்: வசதியுள்ள ஊர் மணி வாங்கித் தரும், மாடி கட்டித் தரும், கூலியாட்களின் ஊர் என்ன தரும்? ஆசிரியர் சம்பளம் அரசின் பொறுப்பாக இருந்ததாலேதான் அந்த ஏழை ஊரின் பள்ளியும் உயிரோடு இருந்தது.

பிறகு, 1958ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின்படி ஜில்லா போர்டுகள் மறைந்து ஊராட்சி ஒன்றியங்கள் பிறந்தன. தொடக்கப்பள்ளிகள் அவற்றின் கைக்கு வந்தன. வந்து என்ன? ஒன்றியத் தலைவரின் முகம் சுளித்தால் ஆசிரியருக்கு மாற்றல் என்ற நிலையைச் சொல்லி அழுத ஆசிரியர்கள் பலர். அந்தக் குறை மெய்யானது. 1981 ஜூனில் ஒன்றிய ஆசிரியர்கள் அரசு ஊழியராயினர், அவர்களுக்கு விடிவு. ஆனால் தலைவரின் கொட்டத்தை அடக்கும் வேகத்திலே ஊரின் குரலையும் சேர்த்து அடக்கிவிட்டோம். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி என்ற பெயர்ப்பலகை மட்டும் எஞ்சிற்று. பலகையிலே ஒன்றியம், பணமும் ஆணையும் சென்னையிலே!

1976இல் கல்வி மாநிலப் பட்டியலை விட்டுப் பொதுப்பட்டியலுக்குப் போன கதையை நம் இளைஞர்கள் அறிவர். அதன் விளைவை 2024-25இல் கண்கூடாகக் கண்டோம். ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்துக்கு நூற்றுக்கு அறுபது பங்கு ஒன்றிய அரசு தரவேண்டும். தேசியக் கல்விக் கொள்கையை ஏற்று, பி.எம். ஸ்ரீ ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால்தான் தருவோம் என்று 2,151 கோடி ரூபாய்க்கு மேல் நிறுத்தி வைத்தனர். 2025 மே மாதத்தில் தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்ட நேர்ந்தது. கொள்கை பற்றிய வாதம் வேறு. ஒரு மலையூர்ப் பிள்ளையின் பள்ளிச் செலவைப் பிணையாக வைத்துக் கையெழுத்துக் கேட்பது வேறு. 1925இல் அடுப்பை அணைத்த கையை இங்கே அடையாளம் கண்டுகொள்ளலாம்.

ஆனால், தோழர்களே, டில்லியைக் கேட்ட கேள்வியைக் கோட்டையையும் கேட்டாக வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட விதிகள் ஒரு கிலோமீட்டருக்குள் தொடக்கப்பள்ளி, மூன்று கிலோமீட்டருக்குள் நடுநிலைப்பள்ளி என்கின்றன. அதே சட்டம், தனியார் பள்ளிகளிலே நூற்றுக்கு இருபத்தைந்து இடத்தை ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கி, செலவை அரசு ஈடுசெய்யும் என்கிறது. ஏழைப் பெற்றோர் கிடைத்த இடத்தைப் பற்றிக்கொள்வதில் தவறு காண்பது அறமன்று. ஆனால் திட்டமிடுவோரின் கணக்கைப் பாருங்கள். அரசுப் பணத்திலேயே பிள்ளை தனியார் பள்ளிக்குப் போகிறது. அரசுப்பள்ளியில் எண்ணிக்கை குறைகிறது. குறைந்துவிட்டதே என்று கூறிப் பள்ளியை மூடவோ இணைக்கவோ ஏற்பாடு! 2019இல் பிள்ளைகள் வராத பள்ளிகளை நூலகமாக்கினர். நூலகம் நல்லதே. ஐந்தாண்டு கழித்து அதே குடியிருப்பில் பத்துப் பிள்ளைகள் வளர்ந்து நின்றால், அவர்கள் எங்கே போவர் என்று அந்த ஊர் மன்றத்தைக் கேட்டுத்தான் முடிவு செய்தனரா?

கேட்பதற்கு ஊர் மன்றமே இல்லாத ஆண்டுகளும் உண்டு. 2016இல் முடிந்த பதவிக்காலத்துக்குப் பின் ஊரகத்தின் பெரும்பகுதியில் 2019 இறுதி வரை தேர்தல் இல்லை. நகர்ப்புறங்களுக்கு 2022இல்தான் வந்தது. அரசியல் சட்டத்தின் 73ஆம் திருத்தம், தொடக்கப்பள்ளியையும் உயர்நிலைப்பள்ளியையும் ஊராட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்க பொருள்களின் பட்டியலிலே வைத்திருக்கிறது. மாநில அரசு ஒப்படைக்கலாம் என்கிறது. மீண்டும் அந்த 'லாம்'! 1920இல் பண்ணையாருக்குக் கிடைத்த தப்பிக்கும் வழி, மாநில அரசுகளுக்கும் கிடைத்திருக்கிறது. மாநில உரிமை பேசும் நாம், அந்த உரிமை கோட்டையின் மதிலோடு நின்றுவிடுவதைக் கண்டும் காணாதிருத்தல் தகுமா? பணம் மேலிருந்து நிபந்தனையின்றி, ஏழை ஊருக்கு மிகுதியாக வரட்டும்; ஆசிரியர் பணிப் பாதுகாப்பு அரசிடமே இருக்கட்டும்; பள்ளி எங்கே வேண்டும், எது மூடப்படலாகாது என்பதைக் குடியிருப்புகளை எண்ணிச் சொல்லும் உரிமை ஊருக்கு வரட்டும்.

இதற்கான கருவி ஒன்று சட்டத்திலேயே கிடக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 22ஆம் பிரிவு, பள்ளி மேலாண்மைக் குழு ஒரு பள்ளி வளர்ச்சித் திட்டம் வகுக்க வேண்டும் என்றும், அரசோ ஊராட்சியோ வழங்கும் மானியத்துக்கு அதுவே அடிப்படையாகும் என்றும் விதிக்கிறது. இங்கே 'லாம்' இல்லை. குழுவிலே முக்கால் பங்கினர் பெற்றோர். உங்கள் ஊர்ப் பள்ளியில் அப்படியொரு திட்டம் எழுதப்பட்டதா, எழுதப்பட்டதெனில் அது கேட்ட தொகை எவ்வளவு, வந்த தொகை எவ்வளவு என்று கேளுங்கள். வாய்மொழியாக வேண்டா, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், பத்து ரூபாய் கட்டணத்தோடு, எழுத்து வடிவிலே. முப்பது நாளுக்குள் விடை தந்தாக வேண்டும். ஒன்றியத்துக்கு ஒருவர் எழுதினாலும் போதும். வந்த விடைகளை இவ்வேட்டுக்கு அனுப்பி வையுங்கள், ஊர்ப்பெயரோடு அச்சேற்றுவோம்.