தாழ்ப்பாள் போட்ட கதவு

சாவு வீட்டில் என்ன பேசுவது என்று நமக்கு யாரும் சொல்லித்தருவதில்லை. ‘கர்த்தர் கைவிட மாட்டார்’, ‘எல்லாம் அவன் செயல்’ என்று மதத்துக்கேற்ப எதையோ சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடுவோம். உறவுக்கூட்டம் ஊருக்குப் போனபிறகுதான் நிஜமான தனிமை ஆரம்பிக்கும். அப்போது பக்கத்தில் ஒருத்தரும் இருக்க மாட்டார்கள்.

அந்த நேரத்துக்கென்றே ஒரு மெல்லிய புத்தகம் இருக்கிறது. சி.எஸ்.லூயிஸின் ‘எ க்ரீஃப் அப்ஸர்வ்ட்’. நார்னியா கதைகள் எழுதினாரே, அதே லூயிஸ்தான். நாத்திகராக இருந்து கிறிஸ்துவத்துக்குத் திரும்பியவர். கடவுள் ஏன் துன்பத்தை அனுமதிக்கிறார் என்று தர்க்கரீதியாக விளக்கி 1940-லேயே ஒரு புத்தகம் போட்டவர். அப்போது பிரம்மச்சாரி.

ஐம்பது வயதைத் தாண்டி, 1956-ல் ஜாய் டேவிட்மன் என்ற அமெரிக்க எழுத்தாளரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். சில மாதங்களில் ஜாய்க்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. 1957-ல் ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் திருச்சபை முறைப்படி மறுபடி கல்யாணம். 1960 ஜூலையில் ஜாய் இறந்துபோனார்.

வீட்டில் கிடந்த நோட்டுப்புத்தகங்களில் லூயிஸ் எழுதித் தீர்த்தார். 1961-ல் அதை என்.டபிள்யூ.க்ளர்க் என்ற புனைபெயரில் வெளியிட்டார். 1963-ல் அவர் இறந்தபிறகுதான் சொந்தப் பெயரில் வந்தது.

ஆறுதல் தேடிப் பிரிப்பவருக்கு முதல் பக்கங்கள் அதிர்ச்சி தரும். துக்கம் ஏறக்குறைய பயம் மாதிரி இருக்கிறது என்கிறார். ஷேவ் செய்யக்கூடச் சோம்பல். எதிரே வருபவர்கள் விசாரிப்பதா வேண்டாமா என்று நெளிகிறார்கள். கடவுளோ, சந்தோஷமாக இருந்தபோது வரவேற்றவர், தேவைப்படும்போது கதவைச் சாத்தி உள்ளே தாழ்ப்பாளும் போட்டுவிட்டார். மதம் தரும் ஆறுதலைப் பற்றி மட்டும் என்னிடம் பேசாதீர்கள் என்று வெடிக்கிறார்.

இது என்ன விசுவாசம் என்று கேட்கலாம். பைபிளின் சங்கீதங்களில் கணிசமானவை புலம்பல்கள்தாம். யோபு வாதாடுகிறார். சிலுவையில் இயேசுவே ஏன் கைவிட்டீர் என்று கேட்கிறார். நமக்கும் இது புதுசில்லை. கண் பார்வை போனபோது சுந்தரர் சிவபெருமானை விட்டுவைத்தாரா? இல்லாத ஒருவரிடம் யாரும் சண்டை போட மாட்டார்கள். லூயிஸின் கோபத்தில் இருப்பதும் அந்த நம்பிக்கைதான். வெறும் நான்கு சுவர்களைப் பார்த்து அழுவதைவிட அது எவ்வளவோ தேவலை.

பிற்பாதியில் மெதுவாக ஒரு மாற்றம். தண்ணீரில் மூழ்குபவன் கண்டபடி பிடித்து இழுத்தால் காப்பாற்ற வருபவராலும் முடியாது. அதுபோல் என் அலறலே கதவைச் சாத்தியிருக்குமோ என்று யோசிக்கிறார். அழுகை குறைந்த ஒரு காலையில் மனைவியின் நினைவு முன்னைவிடத் தெளிவாக வருகிறது. அற்புதம் எதுவும் நிகழவில்லை. கதவு பூட்டியிருப்பதாகத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

குறையும் உண்டு. கடைசி நோட்டில் பழைய வாத்தியார் திரும்பி வந்துவிடுகிறார். உவமைகள் கொஞ்சம் ஒழுங்காக வந்து உட்காருகின்றன. இன்னொன்று, புத்தகத்தில் சபை என்பதே கிட்டத்தட்ட இல்லை. கிறிஸ்துவத்தில் ஆறுதல் என்பது தனிப் பிரார்த்தனை மட்டுமல்ல. ஞாயிற்றுக்கிழமை பக்கத்து பெஞ்சில் உட்காருபவரும்தான். ஒரே வீட்டில் இருந்த அண்ணன் வார்னிகூட இதில் ஆறுதலாக வருவதில்லை. தனிமையில் பாதி லூயிஸ் தானே தாழிட்டுக்கொண்டது என்று எனக்குத் தோன்றுகிறது.

இருந்தாலும், தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லாத நேர்மைக்காக இதைப் படிக்கலாம். ஆனால் காரியம் நடக்கிற வீட்டுக்கு எடுத்துப்போய் நீட்டாதீர்கள். மூணு மாசம் போகட்டும். எல்லோரும் விசாரிப்பதை நிறுத்தியிருப்பார்கள். அப்போது கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு வாருங்கள்.